கடல் தாண்டாத முள்ளம்பன்றி

சென்னை விமான நிலையத்தின் சோதனை மேசையில் என் கைப்பையிலிருந்து இரண்டு பெட்டிகள் வெளியே வந்தன. இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு, சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. ஒன்றின் மூடியில் ‘முருகேசன்’ என்றும் மற்றொன்றின் மூடியில் ‘சிவகாந்தியன்’ என்றும் எழுதியிருந்தது. திறக்கச் சொன்னார் பெண் காவலர். திறந்தேன். ஒன்றில் ரோஜா நிற ஈறோடு ஒரு பல் செட்டு. இன்னொன்றில் வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த ஒரு தாடைத் துண்டு.

“இது யாருது மேடம்?”

“பல் செட்டு அந்தமான்ல இருக்கிற ஒருத்தருக்கு. இது முள்ளம்பன்றியோடது.”

“முள்ளம்பன்றிக்கு எதுக்கு மேடம் பல் செட்டு?”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவர் உரக்கப் பெருமூச்சு விட்டார். இரண்டு பெட்டிகளையும் மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தேன்.

சிவகாந்தியன் மனிதரல்ல. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகள் பக்கம் வாழ்ந்து அழிந்துபோன ஆதி முள்ளம்பன்றி இனம். புதைபடிவமாகக் கிடைத்திருப்பவை தாடைத் துண்டுகளும் பற்களும்தான். அதற்கு இன்றைய முள்ளம்பன்றியைப் போல முள் இருந்ததா என்று கேட்டால் நேர்மையான விஞ்ஞானி தோளைக் குலுக்குவார். முள் கல்லாகவில்லை. பல் மட்டும் கல்லாயிற்று. எனாமல் உள்பக்கமாக மடிந்து மடிந்து ஓடும் அந்தப் பல்லைக் கொண்டுதான் இது முள்ளம்பன்றிக் குடும்பம் என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் அந்தத் தாடையின் நகல் ஒன்று இருந்தது. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் புரோத்ராபூரில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மலர்விழி இணையத்தில் அவர் உரையைக் கேட்டுவிட்டு, தன் பள்ளிக்கு ஒரு நகல் வேண்டும் என்று எழுதியிருந்தார். பல்லின் மடிப்பு துல்லியமாக வர வேண்டுமென்றால் பல் செட்டு செய்யும் கூடத்தில்தான் வார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். அந்தமானுக்குப் போகும் என்னிடம் அதை ஒப்படைத்தார். நான் அந்தமானுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் பல் கூடத்துக்காரரும் ஒரு பெட்டியை நீட்டினார். கார் நிக்கோபாரில் வேலை பார்க்கும் பொறியாளர் முருகேசனுக்கான பல் செட்டு. “அபர்டீன் பஜார்ல சலீம் பாய் கடையில குடுத்துட்டா போதும். அவர் கப்பல்ல ஏத்திடுவாரு.” நோயாளியின் பெயரை மூடியில் எழுதுவது அங்கே வழக்கம். முள்ளம்பன்றிக்கும் எழுதிவிட்டார்கள்.

புதன்கிழமை மதியம் தரையிறங்கினேன். ஊரின் பெயர் அரசாங்கத்தில் மாறிவிட்டது. ஆனால் ஆட்டோக்காரர், கடைக்காரர், விடுதிக்காரர் எல்லோரும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சலீம் பாயின் கடையில் குடையும் தார்ப்பாயும் பிளாஸ்டிக் வாளியும் விற்கிறார்கள். அவர் குடும்பம் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தது. கல்லாவுக்குக் கீழே விற்பனைக்கு இல்லாத பொருள்கள் குவிந்திருந்தன: மருந்துப் பொட்டலம், தைத்த சட்டை, ஒரு மிக்ஸி ஜாடி. எல்லாம் யாரோ யாருக்கோ கொடுத்தனுப்பியவை.

“உக்காருங்க மேடம். ஃப்ளைட் சஹி டைமுக்கு வந்துருச்சா? மெயின்லேண்ட்ல மழையா?” என்றபடி பெட்டியை வாங்கி மூடியைப் படித்தார். “முருகேசன் சார். அச்சா. இன்னிக்கு சாயங்காலமே ஷிப் இருக்கு. பாவம், மனுசன் கஞ்சி குடிச்சே காலத்த ஓட்றாரு.”

“ரசீது எதுவும் வேண்டாமா?”

“எதுக்கு? கை மாறி கை மாறி போயிரும். இங்க எல்லாம் அப்படித்தான். நீங்க திரும்பறப்பவும் யாராச்சும் ஒண்ணு குடுப்பாங்க, பாருங்க.”

பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டேன். சூரை மீன் குழம்பில் தேங்காய்ப்பால் கேரளத்தையும், புளி ராமநாதபுரத்தையும், கடைசியில் வைத்த இனிப்புத் தயிர் வங்காளத்தையும் சேர்ந்தவை. தக்காளி இல்லை. “சென்னை ஷிப் நாளைக்குத்தான்” என்றார் பரிமாறியவர். சென்னையில் தக்காளி விலை ஏறும், இறங்கும். இங்கே அதற்கு வருகை நேரம் உண்டு. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதன் விளைவை இங்கே நின்று பார்த்தால் புரிகிறது.

வியாழக்கிழமை காலை புரோத்ராபூருக்குப் பேருந்தில் போனேன். பாதி வழியில் ஒரு மாடு சாலையில் படுத்துவிட்டது. நடத்துநர் இறங்கிப் போய் அதனிடம் இந்தியில் ஏதோ பேசினார். மாடு எழவில்லை. தெலுங்கில் ஒரு பயணி அதட்டினார். எழுந்து போனது. “ஆந்திரா மாடு” என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது.

மலர்விழி பள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பதை நெருங்கும் வயது, வேகமான நடை, அதைவிட வேகமான பேச்சு. என்னை அழைத்துப்போய்க் காட்டிய அறை சமீப காலம் வரை உடைந்த பெஞ்சுகள் போடும் கிடங்காக இருந்தது. “இத காலி பண்ண எவ்ளோ ஜகடா தெரியுமா அக்கா? ஹெட் மாஸ்டர் சாருக்கு இன்னும் மனசு வரல. சனிக்கிழமை ஆபீசர் வர்றாரு. அவரு பாத்து சரின்னா ரூம் நமக்கு. இல்லேன்னா திங்கக்கிழம பெஞ்சு உள்ள வந்துரும்.”

அறையின் இடது சுவரில் ஓர் அலமாரி. மேலே ‘வந்தவர்கள்’ என்று இந்தியிலும் தமிழிலும் எழுதியிருந்தது. மனிதர்கள் இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த உயிர்கள்: புள்ளிமான், காக்கை, யானை, தோட்டங்களைத் தின்று தீர்க்கும் பெரிய ஆப்பிரிக்க நத்தை. நத்தைக்கு மட்டும் ஓடு இருந்தது. மற்றவற்றுக்குப் படம். ஒவ்வொன்றின் கீழும் மாணவர்கள் எழுதிய அட்டை: பெயர், சொந்த ஊர், வந்த வழி. நடுவில் மாணவர்கள் தங்கள் குடும்பங்களையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். ‘தாத்தா. சொந்த ஊர்: ராஞ்சி. வந்த வழி: கப்பல்.’ தீவில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்விகள் இவைதான்.

வலது சுவரில் ‘வராதவர்கள்’. புலி, கரடி, நரி. எல்லாம் படங்கள். நடுவில் கறுப்புத் துணி விரித்த ஒரு மரத் தாங்கி, காலியாக.

“வடக்க பர்மாவுல முள்ளம்பன்றி இருக்கு. தெக்க சுமத்ராவுல இருக்கு. நடுவுல நம்ம தீவு. இங்க மட்டும் இல்ல. ஏன்?” என்றார் மலர்விழி. “அந்த ஒரு கேள்வில கடலோட ஆழம், தீவு, பரிணாமம் எல்லாம் சொல்லிக் குடுத்துரலாம் அக்கா. ஆனா படமா வச்சா பசங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. கைல எடுத்துப் பாக்க ஒரு நிஜப் பொருள் வேணும். அதான் இந்தத் தாடை.”

தலைமை ஆசிரியர் வந்தார். வங்காளி, மென்மையான குரல், சட்டைப் பையில் மூன்று பேனா. மாணவர்கள் வாசலில் நெருக்கினார்கள். ‘சிவகாந்தியன்’ என்று எழுதிய மூடியை மலர்விழி மெதுவாகத் திறந்தார்.

முழு வரிசைப் பற்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

தலைமை ஆசிரியர் குனிந்து பார்த்து, இந்தியில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “டீச்சர், இது அந்தக் காலத்திலேயே பல் மருத்துவரிடம் போன முள்ளம்பன்றியா?”

வாசலில் வெடித்த சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. பெயர் இருந்தது மூடியில், பெட்டியில் அல்ல. சென்னையில் மூடும்போது மூடிகள் மாறிவிட்டன. நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் இதற்கு இணையான விபத்து ஒன்று உண்டு: இரண்டு படங்கள், இரண்டு குறிப்புகள், இடம் மாறி அச்சாகிவிடும். அமைச்சரின் படத்துக்குக் கீழே கண்காட்சியில் பரிசு பெற்ற எருமை. மறுநாள் திருத்தம் போடலாம். இங்கே படம் கப்பலேறிப் போய்விட்டது.

சலீம் பாயிடம் எண் வாங்கி முருகேசனை அழைத்தோம். பலமுறை முயன்று இணைப்புக் கிடைத்தது.

“வந்துருச்சு மேடம், காலையிலயே வந்துருச்சு,” என்றார் முருகேசன். பல் இல்லாத பேச்சு, ஆனால் உற்சாகம் குறையவில்லை. “மாடல் அனுப்பிச்சிருக்காங்க போல. பாத்தேன். கொஞ்சம் சின்னதா இருக்கே? நமக்குப் பத்தாது. நிஜ செட்டு எப்ப வரும்?”

“சார், அது உங்க மாடல் இல்ல. முள்ளம்பன்றித் தாடை.”

“நல்லவேள சொன்னீங்க மேடம். நான் வாய்ல வச்சுப் பாத்தேன்.”

மலர்விழி போனை வாங்கினார். “அண்ணே, சனிக்கிழம காலைக்குள்ள அது இங்க வந்தாகணும். என் ரூமே அதுல தான் இருக்கு.”

நான் நேரில் போய் எடுத்துவர முடியாது. கார் நிக்கோபார் பழங்குடியினர் பகுதி. வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அது எளிதில் கிடைக்காது. கப்பலோ மற்றத் தீவுகளையும் சுற்றிவிட்டுத் திங்கட்கிழமைதான் திரும்பும். மிச்சம் ஹெலிகாப்டர். அதில் இடம் நோயாளிகளுக்கும் அவசரக்காரர்களுக்கும்.

“நம்ம ஆஸ்பத்திரி ரூத் சிஸ்டர் நாளைக்கு ஒரு பேஷன்ட்டோட ஹெலிகாப்டர்ல வருது. அது கைல குடுத்து விடறேன்,” என்றார் முருகேசன். “என் பல்ல மட்டும் பத்திரமா வச்சிருங்கம்மா.”

வெள்ளிக்கிழமை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. சாத்தம் போனேன். சிறு தீவு. போர்ட் பிளேரோடு ஒரு பாலம் இணைக்கிறது. பழைய அரசு மர அறுவை ஆலையிலிருந்து ஈர மரத்தின் வாசனை துறைவரை வந்தது. பாம்பூபிளாட்டுக்குப் படகு ஏறி, அக்கரையில் தேநீரும் சூடான சமோசாவும் முடித்துவிட்டுத் திரும்ப நின்றேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர், ஒரு லாரி, ஒரு மணமகன் ஊர்வலம். மணமகன் தலைப்பாகையோடு லாரியின் நிழலில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையில் ஒரு பையைத் திணித்தார். உள்ளே ஏதோ அசைந்தது. கோழி.

“தீதி, சாத்தம் படகுத்துறையில் பச்சைச் சட்டை போட்டவர் ஒருவர் வாங்கிக்கொள்வார்,” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் சம்மதித்தேனா என்று அவர் கேட்கவில்லை. சென்னையில் இப்படி ஒருவர் பையை நீட்டினால் காவலரைத் தேடியிருப்பேன். இங்கே கோழியோடு படகேறினேன். அது வழி முழுவதும் அமைதியாக இருந்தது. சாத்தத்தில் பச்சைச் சட்டைக்காரர் கைநீட்டி வாங்கி, “தேங்க்யூ ஆன்ட்டி” என்றார். நான் யாரென்று அவரும் கேட்கவில்லை.

அப்போதே மேற்கு வானம் கறுத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் அக்கரை மறைந்தது. மழை சாய்ந்து அடித்தது. நான் தகரக் கூரைக்குக் கீழே நின்று மலர்விழியின் அழைப்புக்குக் காத்திருந்தேன். அது வந்தது.

“ஹெலிகாப்டர் கேன்சல் அக்கா. சிஸ்டர் இப்பத்தான் போன் பண்ணாங்க. நாளைக்கும் பறக்காதாம்.”

“பேராசிரியர்கிட்ட நல்ல படம் இருக்கு. பெரிசா பிரின்ட் போட்டு…”

“படம் போதும்னுதான் ஹெட் மாஸ்டர் சார் ஆரம்பத்துலருந்து சொல்றாரு. படம் போதும்னா புக்கே போதும்தானே? அப்புறம் ரூம் எதுக்கு?” குரல் தாழ்ந்தது. “விடுங்க அக்கா. கோயி பாத் நஹி. காலைல வாங்க.”

அந்தக் ‘கோயி பாத் நஹி’யில், பரவாயில்லை என்ற பொருள் ஒரு துளிகூட இல்லை.

சனிக்கிழமை காலை மழை தூறலாகக் குறைந்திருந்தது. அறையைத் துடைத்துக் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். வலது சுவரில் மரத் தாங்கி காலியாகவே இருந்தது. கறுப்புத் துணி மட்டும் இஸ்திரி போடப்பட்டிருந்தது. அதன் கீழே முன்பே எழுதிய அட்டை: ‘சிவகாந்தியன் என்ற ஆதி முள்ளம்பன்றி. சொந்த ஊர்: சிவாலிக் மலை. இங்கே வரவில்லை.’

“தாங்கிய எடுத்துரலாமே?” என்றேன்.

“இருக்கட்டும்” என்றார் மலர்விழி.

அதிகாரி வந்தார். கேரளத்துக்காரர், பணிமாற்றலில் வந்து அதிக நாளாகவில்லை என்றார்கள். நத்தை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். தாத்தாக்களின் அட்டைகளைப் படித்துப் புன்னகைத்தார். வலப்பக்கம் திரும்பியதும் நின்றார்.

“இங்கே என்ன இருக்க வேண்டும்?” என்று இந்தியில் கேட்டார்.

தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டு, “சார், அது கப்பல்…” என்று தொடங்கினார்.

மலர்விழி ஓரடி முன்னால் வந்தார். “முள்ளம்பன்றி, சார். மெயின்லேண்டிலிருந்து கிளம்பிவிட்டது. கார் நிக்கோபார்வரை போய்விட்டது. கப்பல் திங்கட்கிழமைதான். ஹெலிகாப்டர் மழையால் ரத்து.”

அதிகாரி அட்டையை மறுபடி படித்தார். “இதற்கு முன்னால் ஏன் வரவில்லை?”

“இதற்கு முன்னாலும் இதே கடல்தான் சார். பர்மாவில் முள்ளம்பன்றி இருக்கிறது, சுமத்ராவில் இருக்கிறது. கொஞ்ச தூரம் நீந்தவும் செய்யும். இவ்வளவு தூரம் முடியவில்லை.” பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார். “ஏன் வரலைன்னு சொல்லுங்க.”

“டிக்கெட் கன்ஃபர்ம் ஆகல மிஸ்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு மாணவி கையுயர்த்தி, கடல் நடுவில் மிகவும் ஆழம், நிலம் இணைந்திருந்தால் நடந்து வந்திருக்கும் என்றாள். அப்படியானால் பறவைகள்? வௌவால்? பல்லி எப்படி வந்தது, மரக்கட்டையில் மிதந்தா? கேள்விகள் தாங்கியைச் சுற்றிக் கிளம்பின. முந்தின நாள்வரை யாரும் திரும்பிப் பார்க்காத புலிப் படத்தையும் இப்போது பார்த்தார்கள். பொருள் இல்லாத அந்த இடத்துக்கு எதிரே அதிகாரி நின்றிருந்த நேரம், நத்தைக்கு எதிரே நின்றதைவிட அதிகம்.

“டீச்சர்,” என்றார் கடைசியில், “என் வாஷிங் மெஷின் கொச்சியிலிருந்து கிளம்பி எத்தனையோ நாளாகிறது. அதையும் இந்தப் பக்கம் ஒரு அட்டையில் எழுதிவிடுங்கள்.” பிறகு தலைமை ஆசிரியரிடம் திரும்பி, சாதாரணக் குரலில் சொன்னார்: “பெஞ்சுகளுக்கு வேறு இடம் பாருங்கள், சார்.”

தலைமை ஆசிரியர் மூன்று பேனாக்களில் ஒன்றை எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டார். மலர்விழி, “பசங்களா, ஆபீசர் சாருக்கு சாய் கொண்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கை தாங்கியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

ஞாயிறு முழுவதும் மலர்விழியின் வீட்டில் சாப்பிட்டேன். நண்டு வறுவல், வெள்ளைச் சோறு, கப்பலில் வந்து சேர்ந்த தக்காளியில் ரசம். அவர் கணவர் அதிகம் பேசாதவர். மூன்றாவது நண்டுக்குப் பிறகு, “ரூம் கெடச்சாச்சு. இனிமே வீட்ல கொஞ்சம் முள்ளம்பன்றி பத்தி பேசாம இருப்பாளா?” என்று என்னைக் கேட்டார். “சான்ஸே இல்ல” என்றது சமையலறை.

திங்கட்கிழமை கப்பல் திரும்பியது. துறையில் இறங்கிய கூட்டத்தில் ரூத் சிஸ்டரை அடையாளம் காண்பது எளிதாக இருந்தது. நிக்கோபாரிப் பெண், வெள்ளைச் சீருடை, ஒரு கையில் நோயாளியின் சக்கர நாற்காலி, தோளில் தேங்காய் மூட்டை. மூட்டையை எங்களிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து துண்டு சுற்றிய நீலப் பெட்டியை எடுத்தார்.

“தேங்காய் உங்களுக்கு, முருகேசன் சார் அனுப்பியது,” என்றார் இந்தியில். “இதைக் கழுவித்தான் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.”

முருகேசனின் பல் செட்டை அவரிடமே ஒப்படைத்தேன். அடுத்த கப்பலில் அவர் திரும்புகிறார். கொடுப்பதற்கு முன் மூடியில் இருந்த பெயரை அடித்துவிட்டு, பெட்டியின் அடியில் ‘முருகேசன்’ என்று எழுதினேன். அந்த வேலை முடிந்தபோது மனது லேசாக இருந்தது.

செவ்வாய் காலை, விமானத்துக்கு முன் கடைசியாகப் பள்ளிக்குப் போனேன். தாடை மாணவர்களின் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தது. பல்லின் மடிப்புகளை விரல் நுனியால் தடவினார்கள். மலர்விழி அதை வாங்கி வலது சுவர்த் தாங்கியில் வைக்கப் போனார்.

“மிஸ், அங்க வைக்கக் கூடாது,” என்றாள் சனிக்கிழமை பதில் சொன்ன அதே பெண். “அது வரலைன்னு போட்டிருக்கு. ஆனா வந்துருச்சே.”

“இது இப்ப வந்தது. அந்தக் காலத்துல வரல.”

“நாங்களும் அந்தக் காலத்துல வரல மிஸ். கப்பல்லதான வந்தோம்?”

மலர்விழி என்னைப் பார்த்தார். தாடையை எடுத்துக்கொண்டு இடது சுவருக்குப் போனார். நத்தைக்கும் ராஞ்சித் தாத்தாவுக்கும் நடுவில் இடம் ஒதுக்கினார்கள். வலது சுவர்த் தாங்கி, கறுப்புத் துணியோடும் அட்டையோடும் காலியாகவே நின்றது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் புது அட்டை எழுதிக் கொண்டுவந்து, நான் பத்திரிகையில் இருந்தவள் என்று கேள்விப்பட்டதால் சரிபார்க்கச் சொன்னாள். ‘பெயர்: சிவகாந்தியன். சொந்த ஊர்: சிவாலிக் மலை. வந்த வழி: சென்னை, போர்ட் பிளேர், கார் நிக்கோபார், மறுபடி போர்ட் பிளேர். கொண்டுவந்தவர்: ரூத் சிஸ்டர்.’

இரண்டு முறை படித்தேன். திருத்த எதுவும் இல்லை.